முதல் கர்க்கடகக் கஞ்சி: நான் பட்ட பாடு நீங்கள் படாமலிருக்க

திருச்சூருக்கு மாற்றலாகி வந்த முதல் ஜூலையில், ஒன்பது நாள் கர்க்கடகக் கஞ்சி (கேரளத்தில் ஆடி மழைக்குக் குடிக்கும் மருந்துக் கஞ்சி) குடித்துவிட்டு வயிற்றெரிச்சலோடு ஓர் ஆயுர்வேத வைத்தியர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். செரிமானம் சீராகும், மழைக்காலத்துச் சளியும் இருமலும் அண்டாது என்று பக்கத்து வீட்டுச் சேச்சி முதல் அலுவலக வாட்ச்மேன் வரை எல்லோரும் சொல்லக் கேட்டுக் குடித்த கஞ்சி. வைத்தியர் அம்மாள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி: "கஞ்சி குடித்த பிறகு என்ன சாப்பிடுவீர்கள்?"

"வழக்கம்போல நான்கு சப்பாத்தி, குருமா" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

மழைக்காலத்தில் வயிற்றின் அக்னி மந்தமாக இருக்கும், வாதம் கூடும் என்பது ஆயுர்வேதத்தின் கணக்கு. பசி குறையும், வயிறு உப்பும், மூட்டு வலிக்கும். அந்த மந்தமான அடுப்பில் கொஞ்சமாக, இளகலாக, சூடாக ஒன்றை மட்டும் ஏற்றுவதற்குத்தான் கஞ்சி. அது இரவுச் சாப்பாட்டின் இடத்துக்கு வருவது. நானோ இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அதை ஒரு சூப் போலக் குடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள எல்லாப் படிகளும் எளிதாகப் புரியும்.

1. முதலில் நாள் குறியுங்கள்

கர்க்கடகம் என்பது நம்முடைய ஆடி. ஜூலை 16 அல்லது 17 அன்று பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடியும். கஞ்சியை ஏழு நாள், பதினான்கு நாள், இருபத்தொரு நாள் என்று குடிப்பார்கள். மாதம் முழுக்கக் குடிப்பவர்களும் உண்டு. முதல் முறை என்றால் ஏழு நாள் போதும்.

எடுத்த எடுப்பில் தொடங்காதீர்கள். ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாளும் அடுத்த பருவத்தின் முதல் ஏழு நாளும் சேர்ந்ததை ருதுசந்தி என்பார்கள். பழைய பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும் நாட்கள் அவை. நடைமுறையில், கஞ்சிக்கு முந்தைய வாரமே இரவு உணவை எட்டு மணிக்கு முன்னால் கொண்டுவாருங்கள், பொரித்ததைக் குறையுங்கள், ஃப்ரிட்ஜ் தண்ணீரை நிறுத்துங்கள். நான் ஞாயிறு இரவு பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திங்கள் மாலை கஞ்சியில் இறங்கியவன். முதல் இரண்டு நாள் தலைவலி எதனால் வந்தது என்று பிறகுதான் புரிந்தது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கன்னியாகுமரி, தென்காசி, வால்பாறை, நீலகிரிப் பக்கம் ஆடியில் மழை உண்டு. அங்கே கேரளத்தின் நாட்காட்டி பொருந்தும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆடியில் வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டிருக்கும். அங்கே சுக்கும் மிளகும் போட்ட கஞ்சியை ஜூலையில் குடித்தால் வாய்ப்புண்தான் மிஞ்சும். சாஸ்திரம் சொல்வது மழையை, மாதத்தின் பெயரை அல்ல. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவுக்குப் பிறகு பிடிக்கும். ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்யும்போது தொடங்குங்கள்.

2. வைத்தியரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

"கஞ்சிதானே, அதற்கு எதற்கு வைத்தியர்?" என்று நானும் கேட்டவன்தான். கஞ்சியில் போடும் வெந்தயம், ஆசாளி விதை, சுக்கு எல்லாம் மருந்துக் கணக்கில் வருபவை. ஆரோக்கியமாக இருப்பவர் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. மாத்திரை சாப்பிடுகிறவர் கேட்காமல் தொடங்கவே கூடாது.

கேரளத்தில் அரசு ஆயுர்வேத மருத்துவமனைகளும் டிஸ்பென்சரிகளும் ஏராளம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுத்துவிடுங்கள். சீட்டுச் செலவு சொற்பம், காத்திருப்புதான் செலவு. கர்க்கடகம் பிறந்த பிறகு கூட்டம் இரண்டு மடங்காகும், அதனால் ஜூலை முதல் வாரத்திலேயே போய்விட்டு வாருங்கள். தனியார் வைத்தியரிடம் போனால், சீட்டில் பட்டமும் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கர்க்கடக மாதத்தில் போர்டு மாட்டுகிற எல்லோரும் படித்தவர்கள் அல்லர்.

ஒரு கோப்பில் இவற்றை எடுத்துச் செல்லுங்கள்: கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த சர்க்கரை, கிரியாட்டினின் பரிசோதனை முடிவு, ரத்த அழுத்தக் குறிப்பு, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு. மாத்திரை அட்டையையே எடுத்துப் போனால் இன்னும் நல்லது, பெயரைத் தப்பாகச் சொல்லும் வாய்ப்பு இல்லை. அலோபதி மருந்து சாப்பிடுவதைச் சொன்னால் ஆயுர்வேத வைத்தியர் கோபிப்பாரோ என்று சிலர் மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், தைராய்டு சிக்கல் உள்ளவர்கள் ஆகியோருக்கு "எல்லோரும் குடிக்கிறார்கள்" என்பது காரணம் ஆகாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இரட்டை ஆபத்து. குழைந்த அரிசி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அதே சமயம், முழு இரவுச் சாப்பாட்டுக்கு ஏற்ற மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு ஒரு கிண்ணம் கஞ்சியோடு படுத்தால் நடு இரவில் சர்க்கரை கீழே இறங்கிவிடலாம். என்னோடு வேலை செய்யும் ஒருவர் அதிகாலை மூன்று மணிக்கு வியர்த்துக் கொட்டி எழுந்து, வீட்டில் கைக்குக் கிடைத்த பழத்தைத் தின்று சமாளித்தார். அளவை மாற்ற வேண்டுமா என்பதை மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.

3. பெயர்ப் பொறிகள்

நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். மலையாளமும் தமிழும் அக்கா தங்கை என்று நம்பி அங்ஙாடி மருந்துக் கடைக்குப் போனேன். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைதான் அது. முதல் சொல்லிலேயே சறுக்கல்.

"சர்க்கர" என்றால் அங்கே வெல்லம். நாம் சொல்லும் சீனிக்குப் பெயர் "பஞ்சசார". சீட்டில் சர்க்கர என்று எழுதியிருந்ததைப் பார்த்து அரைக் கிலோ சீனி வாங்கி வந்தேன். "உலுவ" என்பது வெந்தயம். "அயமோதகம்" என்பது ஓமம். "செறுபயர்" பாசிப்பயறு, "முதிர" கொள்ளு. சீரகமும் பெருஞ்சீரகமும் நம் வழக்கம்போலவேதான், அதில் பயமில்லை. சுக்கு சுக்கேதான்.

எல்லாவற்றிலும் பெரிய பொறி ஆசாளி. கஞ்சிக்கு வழுவழுப்பைத் தருவது இந்த விதை. இதைத் தமிழில் கேட்கத் தெரியாமல் "ஆளிவிதை" என்றேன். கடைக்காரர் தட்டையாக, பளபளப்பாக, பழுப்பாக இருந்த ஒன்றைக் கொடுத்தார். அது வேறு செடியின் விதை. ஆசாளி அதைவிடப் பொடியானது, செங்கல் நிறம். சந்தேகமிருந்தால் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் நனைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி போன்ற ஓர் உறை திரண்டு நிற்கும், தவளை முட்டை மாதிரி. அதுதான்.

இனி அரிசி. கஞ்சிக்கு உரியது ஞவரை, அறுபது நாளில் விளையும் நெல். பாலக்காட்டுப் பக்கத்து ஞவரைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. விலை அதிகம் என்பதால் சாதாரணச் சிவப்பு அரிசியை ஞவரை என்று சொல்லி விற்பதும் நடக்கும். கழுவிய தண்ணீர் லேசாகச் சிவந்தால் பரவாயில்லை. தண்ணீர் ரத்தச் சிவப்பாகி அரிசி வெளுத்துக்கொண்டே போனால் சாயம். வெந்த ஞவரை கொஞ்சம் ஒட்டும், மணக்கும். மட்டை அரிசி என்னும் சாதாரணச் சிவப்பு அரிசி தனித்தனியாகத் தடித்து நிற்கும். ஞவரை கிடைக்கவில்லையா, பழைய அரிசி எதுவும் ஆகும். மழைக்கால உணவில் புது நெல்லை விட்டுப் பழைய தானியத்தைச் சொல்வது சாஸ்திரத்திலேயே உள்ள விதி. ஓராண்டு பழகிய புழுங்கலரிசிக் குருணையில் வைத்தாலும் கஞ்சி கஞ்சிதான்.

4. பாக்கெட்டா, தனித்தனியா? செலவுக் கணக்கு

ஜூலை பிறந்ததும் மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட், ரேஷன் கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடை என்று எங்கு பார்த்தாலும் கஞ்சிப் பாக்கெட் தொங்கும். மூன்று வகை உண்டு, மூன்றையும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். அரிசி, பயறு, பொடி எல்லாம் சேர்ந்தது ஒன்று. மருந்துப் பொடி மட்டும் உள்ளது இன்னொன்று, அரிசி நம்முடையது. மூன்றாவது, வேரும் பட்டையும் உள்ளது. அதைத் துணியில் கிழியாகக் கட்டி அரிசியோடு கொதிக்கவிட்டு, கடைசியில் கிழியை எடுத்து எறிந்துவிட வேண்டும். நான் வாங்கியது மூன்றாவது வகை. அட்டைக்குள் இருந்த மலையாளத் தாளைப் படிக்காமல் எல்லாவற்றையும் பானைக்குள் கொட்டிவிட்டேன். முதல் கரண்டியில் விறகைக் கடித்தது போலிருந்தது.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியவை: தயாரித்த தேதி (போன வருடச் சரக்கு முதல் வாரத்தில்தான் தள்ளிவிடப்படும்), மருந்தாக விற்றால் தயாரிப்பு உரிம எண், உணவாக விற்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், ஒரு பாக்கெட் எத்தனை பேருக்கு என்ற விவரம். "7 நாள்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, "ஒருவருக்கு" என்பதை எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள்.

தனித்தனியாக வாங்கினால் என்ன ஆகிறது என்பதற்கு என் வீட்டுக் கணக்கு, இரண்டு பேருக்கு ஏழு நாள்: ஞவரை ஒரு கிலோ 200 ரூபாய் (700 கிராம்தான் செலவாகும், மீதியை வைத்துக்கொள்ளலாம்), பாசிப்பயறு கால் கிலோ 35, வெந்தயம் 15, ஆசாளி 50 கிராம் 25, சுக்கு 30, தேங்காய் நான்கு 160. ஆக 465. சீரகம், ஓமம், மிளகு, நெய் வீட்டில் இருந்தவை. தலைக்கு ஒரு வேளை 33 ரூபாய். விலை ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறும். தேங்காய் விலையைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

திருச்சூர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று. கர்க்கடகம் ஒன்றாம் தேதி காலையில் சாமான் வாங்க ரவுண்ட் (வடக்குநாதன் கோயிலைச் சுற்றிய சாலை) பக்கம் போகாதீர்கள். வடக்குநாதன் கோயிலில் அன்று ஆனையூட்டு. வரிசையாக நிற்கும் யானைகளுக்குச் சோற்றுருண்டை ஊட்டுவதைப் பார்க்க ஊரே திரண்டு நிற்கும், பஸ் நகராது. யானைகளுக்கும் இது சிகிச்சைக் காலம். குருவாயூர் யானைகளுக்கு ஜூலை மாதம் முழுக்கச் சோறு, பாசிப்பயறு, கொள்ளு, ராகி, அதோடு அஷ்டசூர்ணமும் சியவனப்பிராசமும். அஷ்டசூர்ணம் என்பது பெருங்காயம், சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, இரண்டு சீரகம் சேர்ந்த செரிமானப் பொடி. அதே பொடியை மனிதர்களுக்கு முதல் கவளச் சோற்றில் நெய்யோடு பிசைந்து சாப்பிடச் சொல்வார்கள். வாயுத் தொல்லை உள்ளவர்கள் வைத்தியரிடம் அளவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் உப்பு உண்டு என்பதை ரத்த அழுத்தக்காரர்கள் மறக்க வேண்டாம்.

5. கஞ்சி வைப்பது

இரண்டு பேருக்கு:

ஞவரை 100 கிராம். பாசிப்பயறு இரண்டு மேசைக்கரண்டி. வெந்தயம் ஒரு தேக்கரண்டி. ஆசாளி அரைத் தேக்கரண்டி. சுக்கு, சீரகம், ஓமம், மிளகு நான்கையும் லேசாக வறுத்துப் பொடித்து, அதில் ஒரு தேக்கரண்டி. தேங்காய்ப் பால் அரை கப். நெய், சின்ன வெங்காயம் நான்கு, உப்பு.

வெந்தயத்தை முந்தைய இரவே ஊறப் போடுங்கள். மறந்துவிட்டால் அன்று வெந்தயம் வேண்டாம். ஊறாத வெந்தயத்தைச் சேர்த்தால் கசப்பு கஞ்சி முழுக்கப் பரவிவிடும். அரிசியும் பயறும் ஒரு மணி நேரம் ஊறட்டும். பிறகு எட்டு கப் தண்ணீரில், மண்சட்டியானால் சிறு தீயில் முக்கால் மணி நேரம். குக்கரானால் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து ஐந்து விசில். அரிசியை விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், ஆனால் பார்வைக்கு உருவம் தெரிய வேண்டும்.

ஆசாளியைக் காய்ந்தபடியே சூடான கஞ்சியில் தூவாதீர்கள். தூவிய மறுகணம் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொழகொழவென்று கட்டியாகிவிடும், மத்தை வைத்துக் கடைந்தாலும் கரையாது. தனிக் கிண்ணத்தில் கால் கப் வெதுவெதுப்பான நீரில் பதினைந்து நிமிடம் ஊற வைத்து, கஞ்சியை இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். பொடியையும் அப்போதே சேருங்கள். தேங்காய்ப் பால் கடைசியில். ஊற்றியபின் கொதிக்க விட்டால் திரிந்து எண்ணெய் மிதக்கும். ஓரத்தில் சின்னக் குமிழி வரும்போதே இறக்கிவிடுங்கள். வெங்காயத்தை நெய்யில் சிவக்க வறுத்து மேலே கொட்டினால், மருந்து என்ற நினைப்பே போய்விடும்.

பொடியை இரண்டு தேக்கரண்டியாக்கினால் இரட்டிப்புப் பலன் என்று கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். வயிற்றெரிச்சலுக்குச் சப்பாத்தியோடு இந்தப் புத்திசாலித்தனமும் காரணம்.

வெல்லம் போட்டு இனிப்பாகக் குடிப்பவர்களும் உண்டு. வெல்லம் போட்டால் வெங்காயம், உப்பு வேண்டாம். வெல்லத்துக்குப் பதிலாகத் தேன் ஊற்றலாமா என்று கேட்பார்கள்: தேனைச் சூடாக்குவதும் சூடானதில் கலப்பதும் ஆயுர்வேதத்தில் விலக்கு.

தசபுஷ்பம் இடித்துச் சாறு சேர்க்கும் வழக்கமும் இங்கே உண்டு. அறுகம்புல், கரிசலாங்கண்ணி, முடக்கத்தான், சிறுபூளை, விஷ்ணுகிராந்தி, நிலப்பனை என்று பத்துச் செடிகளில் பாதியை நாமும் அறிவோம். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபூளையை இங்கே கஞ்சிச் செடியாகப் பார்த்தபோது பழைய சிநேகிதனைப் பார்த்தது போலிருந்தது. ஆனால் முதல் வருடம் இதில் கை வைக்காதீர்கள். சாலையோரத்தில் பறித்து வந்து, இலைக்கு இலை படத்தோடு ஒப்பிட்டு, "இதுவாகத்தான் இருக்கும்" என்று கஞ்சியில் போடுவது விளையாட்டல்ல. களைக்கொல்லி தெளித்த ஓரமா என்பதும் தெரியாது.

6. எப்போது, எவ்வளவு, அதற்குப் பின் என்ன

மாலை ஏழு மணி நல்ல நேரம். எங்கள் தெருவில் கடிகாரமே தேவையில்லை. கர்க்கடகம் முழுக்க விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டில் ராமாயணம் வாசிப்பார்கள். அந்தக் குரல் நிற்கும்போது எங்கள் சட்டி அடுப்பிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். ஆளுக்கு ஒன்றரைக் கிண்ணம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பத்து மணிக்குப் பசித்தால் வெந்நீர். முதல் இரண்டு நாள் பசிக்கும். மூன்றாம் நாள் காலையில் எழும்போதே நல்ல பசி தெரிந்தால், கஞ்சி வேலை செய்கிறது என்று பொருள்.

மாலையில் பசியே இல்லை, புளித்த ஏப்பம் வருகிறது, மதியம் சாப்பிட்டது இன்னும் கனக்கிறது என்றால் அன்று கஞ்சியும் வேண்டாம். சுக்கு வெந்நீரோடு படுத்துவிடுங்கள். பட்டியலில் ஏழு நாள் என்று எழுதியிருப்பதற்காகப் பசியில்லாத வயிற்றில் மருந்தை ஊற்றுவதில் அர்த்தமில்லை.

பகல் சாப்பாட்டை மாற்றிக்கொள்வதும் இதில் அடக்கம். மதியம் சூடான சோறு, பாசிப்பருப்பு அல்லது கொள்ளு ரசம், ஆவியில் வெந்த காய், ஒரு கரண்டி நெய். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த நேற்றையக் குழம்பு, பச்சைக் காய்க் கலவை, ஐஸ்கிரீம், மைதாப் பரோட்டா ஆகியவற்றை அந்த ஏழு நாள் மறந்துவிடுங்கள். பகல் தூக்கமும் விலக்கு. மழைச் சத்தத்தில் ஞாயிறு மதியம் விழித்திருப்பதுதான் இந்தப் பத்தியத்திலேயே கடினமான பகுதி என்பேன்.

தயிரைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். "மழையில் தயிர் விஷம்" என்று சேச்சி சொன்னதை நம்பி நான் மோரையும் விட்டேன். கேரள வைத்தியர்கள் பெரிதும் பின்பற்றும் அஷ்டாங்க ஹிருதயம் என்ற நூலில் மழைக்கால உணவாகத் தயிரின் தெளிந்த நீரே சொல்லப்பட்டிருக்கிறது, உப்பும் திப்பிலி, சுக்கு முதலான காரப் பொருள்களும் சேர்த்து. விலக்குவது இரவுத் தயிரை. மஞ்சளும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய மோரை மதியம் தாராளமாகச் சேருங்கள், கெட்டித் தயிரை ராத்திரியில் தொடாதீர்கள்.

அசைவம் அறவே கூடாது என்பதும் அப்படித்தான். நூலில் மாமிச ரசம் மழைக்காலத்துக்கு ஏற்றதாகவே வருகிறது. வைத்தியர் சொன்னது: "சூப் குடியுங்கள், வறுவல் வேண்டாம்." கடல் மீன் ஆசை இருந்தால் ஜூலை 31 வரை பொறுங்கள். அதுவரை கேரளத்தில் டிராலர் படகுகள் கடலில் மீன்பிடிக்கத் தடை. சந்தையில் புது மீன் குறைவு, விலையும் கூடுதல்.

7. தண்ணீர்

இதில் அலட்சியம் காட்டினால் கஞ்சியெல்லாம் வீண். மழைக்காலத்தில் கிணற்றிலும் குழாயிலும் வருவது கலங்கிய நீர். கேரள ஹோட்டல்களில் இளஞ்சிவப்பாக ஒரு வெந்நீர் தருவார்கள், பதிமுகம் என்னும் மரக்கட்டையின் சீவல் போட்டது. அந்த நிறத்தைப் பார்த்ததும் கொதித்த நீர் என்று நம்பிவிடாதீர்கள். கொதித்ததை ஆற்றுவதற்காகப் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் இடங்கள் உண்டு. மஞ்சள் காமாலை பரவும் வழிகளில் இதுவும் ஒன்று. வீட்டில் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, தானாக ஆறவிட்டு, அதே பாத்திரத்திலிருந்து குடியுங்கள். சீரகமோ பதிமுகமோ உங்கள் விருப்பம். அலுவலகத்துக்கு ஒரு ஃபிளாஸ்க் வாங்கிவிடுங்கள், இந்த முழு ஏற்பாட்டில் நான் செய்த ஒரே உருப்படியான செலவு அதுதான்.

8. கீரைகள்

கர்க்கடகத்தில் பத்திலைக் கறி விசேஷம். தகரை, சேம்பிலை, பூசணி இலை, மூக்கிரட்டை, பயற்றிலை என்று வீட்டைச் சுற்றி முளைப்பதைத் தேங்காயோடு தாளிப்பார்கள். முருங்கைக் கீரையை மட்டும் இந்த மாதம் தொட மாட்டார்கள். வாடகை வீட்டுக் கொல்லையில் முருங்கை பறித்த என்னைச் சேச்சி மதில் மேலிருந்து எட்டிப் பார்த்து அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது. சேம்பிலையை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் தொண்டை அரிக்கும். புளி சேர்த்து நன்றாக வேகவிடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் சேம்பிலையை விட்டுவிடுவது நல்லது.

9. எப்போது நிறுத்த வேண்டும்

நெஞ்செரிச்சல், வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் கஞ்சியை அன்றே நிறுத்துங்கள். "உள்ளிருக்கும் கழிவு வெளியேறுகிறது" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

காய்ச்சலில் இன்னும் கவனம். செரிமானம் சீரானால் உடம்பு தெம்பாக இருக்கும், அவ்வளவுதான். கொசு கடித்தால் டெங்கு வரும், வெள்ளநீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரும். கேரளத்தில் மழைக்காலத்துக்கு இவை இரண்டும் வழக்கமான விருந்தாளிகள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் மஞ்சள், உடம்பு அடித்துப்போட்டது போன்ற வலி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தேங்கிய நீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கச் சுகாதாரத் துறை தரும் டாக்சிசைக்ளின் மாத்திரையை, கஞ்சி குடிக்கிறேன் என்று சொல்லித் தட்டிக் கழிக்காதீர்கள்.

10. எட்டாம் நாள்

தொடங்கியது போலவே இறங்குவதும் படிப்படியாக. எட்டாம் நாள் இரவு இட்லி, ஒன்பதாம் நாள் தோசை, அந்த வாரக் கடைசியில் உங்கள் சப்பாத்தி. நான் இரண்டாம் வருடம் இதைச் சரியாகச் செய்தேன். ஒரு வைத்தியச் சீட்டு, 465 ரூபாய், எரிச்சல் ஏதும் இல்லை.

மீந்த பொடியை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். மழை ஈரத்தில் மூடி திறந்து மூடினாலே போதும், பூஞ்சை பிடித்துவிடும். என் டப்பாவை ஓணத்துக்கு முன்னால் திறந்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு மெத்தையே இருந்தது. ஏழு நாளைக்கு ஏழு தேக்கரண்டி, அதற்கு மேல் பொடிக்க வேண்டாம்.